கொக்கி எலும்பு

"அதான் எக்ஸ்ரே படத்துல ஒண்ணும் இல்லேன்னு சொல்றேனேம்மா, வெறும் சுளுக்கு" என்று டாக்டர் மறுபடியும் சொல்கிறார், அக்கா என் தொடையைக் கிள்ளுகிறாள், போதும் எழுந்திருடி என்று அர்த்தம்... எழ மாட்டேன். படத்தில் இல்லாவிட்டால் கையில் இல்லையா? இவர் கட்டைவிரல் பக்கக் குழியைத்தான் அழுத்தினார், விழுந்து கையை ஊன்றுகிறவர்களுக்கு அங்கேதான் உடையுமாம், நான் எங்கே விழுந்தேன், ஓங்கி ஒரு பந்தை அடித்தேன், டென்னிஸ் ராக்கெட்டின் கைப்பிடி முனை சுண்டுவிரலுக்கு நேர்கீழே உள்ளங்கை மேட்டில் இடித்தது, அவ்வளவுதான், அன்றிலிருந்து பூட்டில் சாவியைத் திருப்பினால் உயிர் போகிறது, சுண்டுவிரல் மரத்துக் கிடக்கிறது. செலக்ஷன் வந்தா உனக்கு எங்கயாவது வலிச்சிடுமே என்றார் கோச். பாத்திரம் கழுவுற கையா பாத்து வலிக்குது என்றாள் அம்மா... ஆமாம், என் கைக்கு அவ்வளவு சாமர்த்தியம்.

கண்டுபிடித்துச் சொன்னது நாக்கில் விஷம் வைத்திருக்கும் அந்தக் குட்டச்சி, அணியில் ஒரே இடத்துக்கு என்னோடு போட்டி போடுகிறவள். உடை மாற்றும் அறையில் என் கையைப் பிடுங்கி மேட்டில் ஒரே அழுத்து, நான் சுருண்டேன். அங்கே கொக்கி மாதிரி ஒரு எலும்பு நீட்டிக்கொண்டிருக்குமாம், கையைத் தட்டையாக வைத்துப் படம் எடுத்தால் மற்ற எலும்புகளோடு சேர்ந்து மறைந்துவிடுமாம், மணிக்கட்டைப் பின்னால் வளைத்து விரல் பக்கமிருந்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் சிடி ஸ்கேன். "எனக்கு மாவுக்கட்டு போட்டும் ஒட்டல, துண்டையே வெட்டி எடுத்தாங்க, சும்மா விட்டுடாத" என்று தழும்பைக் காட்டினாள். அக்கறையா, நான் விலகினால் அந்த இடம் அவளுக்கு என்ற கணக்கா? இரண்டும் இருக்கட்டுமே, அதற்காக எலும்பு பொய் சொல்லுமா... உடையவில்லை என்றால் நான் ஆடலாம், ஆனால் நடிப்புக்காரி. உடைந்திருந்தால் நான் சொன்னது நிஜம், ஆட்டம் போச்சு. இத்தனை நேரம் எதற்காக இங்கே மல்லுக்கட்டுகிறேன், உடைந்திருக்க வேண்டும் என்றா வேண்டிக்கொண்டிருக்கிறேன்? டாக்டரின் கை அடுத்தவரை அழைக்கும் மணியை நோக்கிப் போகிறது, அக்கா பையை எடுத்துவிட்டாள், நான் உள்ளங்கையை மல்லாத்தி அந்த மணியின் மேலேயே வைக்கிறேன்.

"இந்த மேட்டுல ஒரு தடவை அழுத்திப் பாருங்க, சார்."