சாட்சி வகுப்பு

உளவியலின் வரலாறு என்றாலே கொட்டாவி விடுகிற மாணவர்கள்கூட, வருடத்தில் ஒரு வகுப்புக்கு மட்டும் முன்னதாகவே வந்து இடம் பிடிப்பார்கள். அதற்குச் சாட்சி வகுப்பு என்று பெயர். அதை நடத்தும் பேராசிரியைக்கும் சாட்சி மேடம் என்று பெயர் விழுந்துவிட்டது. முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் சாட்சி. அது அவளுக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

விஷயம் இதுதான். நூறு வருடங்களுக்கும் முன்னால், எங்கோ வெளிநாட்டில் ஒரு சட்டப் பேராசிரியர் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் எழுந்து சண்டை பிடித்தார்கள். ஒருவன் துப்பாக்கியை எடுத்தான். வகுப்பு கதிகலங்கிப் போனது. அப்புறம்தான் பேராசிரியர், எல்லாம் நாடகம், இப்போது பார்த்ததைச் சொல்லுங்கள் என்றார். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. நடக்காததை எல்லாம் நடந்ததாகச் சத்தியம் செய்தார்கள். கண்ணால் கண்டதும் பொய் என்று நம் ஆட்கள் பழமொழி சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் அது எவ்வளவு பொய் என்று அளந்து பார்த்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

மேடம் அதையே கொஞ்சம் மாற்றி வருடா வருடம் நடத்துவாள். பாடத்தின் நடுவே முகமூடி போட்ட ஒருவன் கத்தியோடு பாய்ந்து வருவான். அவள், "இது நாடகம் இல்ல! யாராவது போலீசைக் கூப்பிடுங்க!" என்று அலறுவாள். அந்த வசனம் அவளே யோசித்துச் சேர்த்தது. முகமூடிக்குள் இருப்பவர், பழைய ஆய்வுக் கருவிகளைத் துடைத்துப் பராமரிக்கிற உதவியாளர். பூனை குறுக்கே வந்தால்கூட ஒதுங்கி நிற்கிற மனிதர். துறையில் எல்லோரும் அவரை வில்லன் என்றுதான் கூப்பிடுவார்கள். கத்தி, ரப்பர் கத்தி.

முதல் சில வருடங்கள் பிள்ளைகள் நிஜமாகவே அலறினார்கள். பிறகு அது ஊரறிந்த ரகசியமாகிவிட்டது. வில்லன் வந்துபோனதும் மேடம் கேள்வி கேட்பாள், பதிலுக்கு மதிப்பெண் உண்டு என்று சீனியர்கள் சொல்லிவைத்துவிட்டார்கள். அதனால் இப்போதெல்லாம் யாரும் பயப்படுவதில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். இதை நிறுத்திவிடலாம் என்று மேடத்துக்கே தோன்றியதுண்டு. ஆனால் கைதட்டல் கிடைக்கிற வேலையை யார் சுலபத்தில் விடுவார்கள்?

அந்த வருடத்துச் சாட்சி வகுப்பன்று காலையில், அக்கா அவள் அறைக்கு வந்தாள்.

அக்கா என்பது வகுப்பு வைத்த பெயர். மற்றவர்களைவிட நாலைந்து வயது பெரியவள், கல்யாணமானவள். புருஷனின் அடி பொறுக்காமல் வீட்டை விட்டு வந்து விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். இது மேடத்துக்கு மட்டும் தெரியும். அன்றைக்கு அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அவரு வெளிய நிக்கறாரு மேடம். எதிர்ல இருக்கற ஜெராக்ஸ் கடைக்கிட்ட."

"நீ பாத்தியா?"

"ஜன்னல்லேர்ந்து பாத்தேன். என்னைக் கொல்லாம விடமாட்டேன்னு போன வாரமே போன்ல சொன்னாரு. இன்னிக்கு ஒரு நாள் நான் வகுப்புக்கு வரலையே."

மேடத்துக்கு அவள்மேல் பாசம். அதோடு, மற்றவர் பயத்துக்கு மருந்து சொல்வது அவளுக்குக் கைவந்த கலை. "இன்னிக்கு லீவு, நாளைக்கு லீவுன்னு போனா படிப்பே போயிடும். முன்வெச்ச காலைப் பின்வெக்காத. வாட்ச்மேன்கிட்ட நான் சொல்லிடறேன். அப்படியே வந்தாலும் உனக்கு முன்னாடி நான் நிப்பேன். நான் இருக்கேன்ல?"

அக்கா தலையாட்டினாள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் வகுப்புக்கு வந்தாள். மேடம் காவலாளிக்குப் போன் செய்தாள். வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் பேசலாம் என்று வைத்தவள், வகுப்புக்குக் கிளம்புகிற அவசரத்தில் மறந்துபோனாள்.

வகுப்பு நிரம்பி வழிந்தது. அக்கா மூன்றாவது வரிசையில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மேடம் வானியலில் ஆரம்பித்தாள். அந்தக் காலத்து வானியலாளர் ஒருவர், நட்சத்திரம் தொலைநோக்கியின் கம்பியைத் தாண்டும் நேரத்தைத் தப்புத் தப்பாகக் குறிக்கிறான் என்று தன் உதவியாளனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். வித்தியாசம் ஒரு நொடிகூட இல்லை. பல வருடங்கள் கழித்துத்தான், அவன் சோம்பேறியும் இல்லை, பொய்யனும் இல்லை, ஒவ்வொரு மனிதரின் கண்ணும் கையும் ஒவ்வொரு வேகத்தில் ஓடுகின்றன என்று புரிந்தது. அதை அளக்கப் போனதும் உளவியல் பிறந்ததற்கு ஒரு காரணம்.

"வானத்துல போற நட்சத்திரத்தையே ரெண்டு பேர் ஒண்ணா பாக்க முடியல. அப்புறம் ஒரு கொலையை எப்படிப் பாப்பாங்க?" என்றாள் மேடம். வழக்கமாக இந்த இடத்தில் சிரிப்பு வரும். வந்தது.

பின்கதவு திறந்தது.

வில்லன் வரவேண்டியது கரும்பலகைக்குப் பக்கத்தில், கருவி அறையின் கதவு வழியாக. அதுவும் இப்போது இல்லை, இன்னும் கொஞ்சம் பாடம் போன பிறகு. வந்தவனுக்கு முகமூடி இல்லை. தலை படிய வாரி, சட்டையை இஸ்திரி போட்டு, விசேஷ வீட்டுக்கு வந்தவன் போல நடைபாதையில் இறங்கி வந்தான். அவனைப் பார்த்த அக்கா எழவும் இல்லை, கத்தவும் இல்லை. கையிலிருந்த பேனா மட்டும் கீழே விழுந்தது. அதைப் பார்த்ததும்தான் மேடத்துக்கு யார் என்று புரிந்தது. 

"கெளம்பு" என்றான் அவன், அக்காவிடம். சட்டைக்குள்ளிருந்து கத்தியை எடுத்தான். காய் நறுக்குகிற கத்தி. பிடியில் டேப் சுற்றியிருந்தது.

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. "இந்த வருஷம் மாஸ்க் இல்லடா" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

"எல்லாரும் ஓடுங்க! இது நாடகம் இல்ல!" என்று மேடம் கத்தினாள்.

வகுப்பே மலர்ந்தது. இந்த வசனத்துக்குத்தானே காத்திருந்தார்கள். முன்வரிசையில் ஒருத்தி அடுத்த வரியை உதட்டசைத்துக்கொண்டே தயாராக இருந்தாள். "யாராவது போலீசைக் கூப்பிடுங்க!" என்று மேடத்தின் வாயிலிருந்து வந்தபோது, அவளும் சத்தமில்லாமல் கூடவே சொல்லி முடித்தாள். நாலு பேர் கைதட்டினார்கள்.

 உலகத்தில் ஆபத்து என்று சொல்ல எத்தனை சொற்கள் உண்டோ அத்தனையையும் மேடம் வருடா வருடம் இதே மேடையில் நின்று செலவழித்துவிட்டிருந்தாள். இதற்குத்தான் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள்.

"ஐயோ, இவரு என் புருஷன்! என்னைக் காப்பாத்துங்க!" என்று அக்கா அலறினாள்.

"அக்காவும் செட்டப்பா? சூப்பர்க்கா!" என்றது பின்வரிசை.

அவன் அக்காவின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தான். அப்போதுதான் மேடம் மேடையிலிருந்து குதித்தாள். கால் பிசகியதைக்கூடப் பொருட்படுத்தாமல் ஓடிப்போய், கத்திக்கும் அக்காவுக்கும் நடுவே கையை விரித்து நின்றாள். அவனுடைய நீலச் சட்டையின் பித்தான் அவள் கண்ணுக்கு வெகு அருகில் தெரிந்தது. "முதல்ல என்னைக் குத்து" என்றாள்.

கருவி அறையின் கதவு படாரென்று திறந்தது. முகமூடியும் ரப்பர் கத்தியுமாக வில்லன் பாய்ந்து வந்தார். வந்தவர் அப்படியே நின்றார். முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அவனையும் அவன் கத்தியையும் மேலும் கீழும் பார்த்தார். அவர் முகம் சுண்டிப்போனது.

"என்ன மேடம் இது? ஆளை மாத்தறதுன்னா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இத்தனை வருஷமா ஒத்தைப் பைசா வாங்காம நடிச்சிருக்கேன்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. வில்லனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று நடைபாதையில் ஏறி அவனிடம் போனார். "தம்பி, கத்தியை இப்படியா பிடிப்பாங்க? முடியை விடுங்க, அந்தப் பொண்ணுக்கு நெசமாவே வலிக்கப் போவுது. குடுங்க இப்படி" என்று சொல்லி, தன் ரப்பர் கத்தியைப் பிடிக்கிற பழக்கத்தில், அவன் கத்தியின் அலகை முழுக் கையாலும் பற்றி வெடுக்கென்று இழுத்தார்.

இழுத்த கையைத் திருப்பிப் பார்த்தார். முழங்கை வரை சிவப்பாக வழிந்தது.

"மேடம்" என்றார், ஏதோ கணக்கு உதைக்கிறது என்பது போல. "இது ரப்பர் இல்ல."

சிரிப்பு நின்றது.  அடுத்த கணம் பெஞ்சுகள் உருண்டன. பின்வரிசைப் பையன்கள் மொத்தமாக அவன்மேல் விழுந்து அமுக்கினார்கள். அக்கா பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் அதே வகுப்பறைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். மேடம் முதல் நாளே தன் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டிருந்தாள். காவலாளியையும் ஏற்கெனவே விசாரித்தாயிற்று. "மேடம் வகுப்பு எங்கன்னு கேட்டாரு. புது மூஞ்சியைப் பாத்ததும் இந்த வருஷம் ஆளை மாத்திட்டாங்கன்னு நெனச்சேன்" என்று அவர் அழுதிருந்தார். இப்போது மாணவர்கள் முறை.

"சட்டை என்ன கலர்?"

"சாம்பல்" என்றார்கள் எல்லோரும்.

மேடம் திடுக்கிட்டாள். நீலம் அல்லவா?

"கத்தி எந்தக் கையில?"

"இடது கை."

வலது என்று மேடம் சொல்லியிருந்தாள். இன்ஸ்பெக்டர் ஒரு பையிலிருந்து அந்தச் சட்டையை எடுத்துக் காட்டினார். சாம்பல் நிறம்தான். அவன் இடதுகைக்காரன் என்றும் சொன்னார். சாட்சி வகுப்பின் வரலாற்றிலேயே முதல் தடவையாக அத்தனை சாட்சிகளும் ஒன்று போலச் சொன்னார்கள், அத்தனையும் சரியாக. காரணம் மேடத்துக்கு உடனே புரிந்தது. பயப்படாதவர்கள் பார்த்தார்கள். அக்காவைத் தவிரப் பயந்தவள் அவள் ஒருத்திதான்.

"அவன் முடியைப் பிடிச்சப்ப உங்க மேடம் எங்க இருந்தாங்க?"

 முன்வரிசைப் பெண், குற்றம் சொல்கிற எண்ணமே இல்லாமல், "மேசைக்குப் பின்னாடி சார்" என்றாள். "கத்தியைப் பாத்ததும் அங்க போய்க் குனிஞ்சு உக்காந்துட்டாங்க. மேசைக் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. என்னமா நடிக்கறாங்கன்னு நாங்க பேசிக்கிட்டோம்."

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டே ஆமாம் என்றார்கள்.

 மேடம் பொய் சொல்லவில்லை. கையை விரித்து நின்றது, அந்தப் பித்தான், "முதல்ல என்னைக் குத்து" என்றது, எல்லாம் இப்போதும் அவள் கண்முன்னால் நிற்கிறது. அவள் சொன்னதை நம்பித்தான் நானும் மேலே அப்படியே சொல்லிவைத்தேன். வெட்கம் அவள் மனதைப் புகுந்து திருத்திவிட்டது என்றால், இதற்கு முன்னால் வேறு எதை எல்லாம் திருத்தியிருக்கிறதோ? நேற்றைய கத்தியைவிட இது அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

வெளியே நடைவழியில் அக்கா காத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஒரு கீறல், மற்றபடி ஒன்றுமில்லை.

"உண்மையைச் சொல்லு. நான் எங்க நின்னேன்?"

 "நான் உங்களையேதான் பாத்துக்கிட்டிருந்தேன் மேடம். வருவீங்க, வருவீங்கன்னு. நீங்க மேசைக்குப் பின்னாடி இருந்தீங்க." பிறகு அவளே அவசரமாக, "பரவாயில்ல மேடம். யாரா இருந்தாலும் அப்படித்தான்" என்றாள்.

அந்தப் பரவாயில்லை, அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"ஜாமீன்ல வந்துடுவாராம், இன்ஸ்பெக்டர் சொன்னாரு. நான் இனிமே வகுப்புக்கு வரட்டுமா, வேணாமா?"

நான் இருக்கேன்ல என்ற சொல் பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்தது. மேடம் அதை விழுங்கினாள்.

"தெரியலம்மா. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள் அக்கா.

அப்போது நடைவழியின் கோடியில் கதவு தடாலென்று அடித்துக்கொண்டது. யாரோ வேகமாக நடந்து வருகிற சத்தம்.  மேடம் இந்தத் தடவை வருகிறவரைப் பார்க்கவில்லை. பிறகு தன் மனம் என்ன கதை சொல்லுமோ என்று பயந்து, குனிந்து தன் காலைப் பார்த்தாள். அது அதற்குள் அக்காவுக்குப் பின்னால் ஒரு அடி போயிருந்தது. அந்தக் காலை இழுத்து, அக்காவுக்கு முன்னால் வைத்தாள். வந்தது, கையில் கட்டோடு வில்லன்தான். அது அவளுக்கு நிமிர்ந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது.