இரண்டு வீட்டுக்கு ஒரு ஃப்ரிட்ஜ்

கரண்ட் பில் ஐந்நூற்று மூன்று யூனிட் என்று போனில் செய்தி வந்தபோது ரகுபதி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் வருத்தப்பட்டார். எதையும் பாதியில் விட்டு வீணாக்குகிற ஆள் இல்லை அவர்.

ஐந்நூறைத் தாண்டினால் தாண்டிய மூன்று யூனிட்டோடு போகாது, கீழே இருக்கிற யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும். அந்த மூன்று யூனிட்டை யார் செலவழித்தது என்று இரண்டு நாள் விசாரித்தார். மனைவி தேவானையும் பிளஸ் டூ படிக்கும் மகள் நிலாவும் ஒப்புக்கொள்ளவில்லை.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் அவர்கள் வீடு. ரகுபதி தி.நகர் துணிக்கடை ஒன்றில் லிஃப்ட் ஆப்பரேட்டர். நாள் முழுக்க மேலே போய்க் கீழே வந்தாலும் சம்பளம் ஒரே மாடியில்தான் நின்றது. ஆகவே செலவைக் குறைப்பது என்று முடிவு செய்தார்.

முதலில் ஏசி ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அடுத்து, பாத்ரூம் பல்பைக் கழற்றிவிட்டு, சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் நடுச்சுவரில் உயரத்தில் ஒரு துளை போட்டார். ஒரே பல்ப், இரண்டு அறை. ஆனால் யாராவது குளிக்கும்போதெல்லாம் யாராவது சமைக்க வேண்டியிருந்தது.

காஸ் மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. சோறு கொதி வந்து ஐந்து நிமிடத்தில் அடுப்பை அணைத்து, பானையைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, கம்பளியால் மூடிவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் தானே வெந்துவிடும். வெந்தது, குழையாமல். பெட்டியை மீன் மார்க்கெட்டில் சும்மா வாங்கி வந்திருந்ததால் சோற்றில் லேசாக மீன் வாசனை.

"மீனே வாங்காம மீன் வாசன. அதுவும் மிச்சம்தான்" என்றார் ரகுபதி.

"நாளைக்கு மட்டன் கடையில ஒரு பெட்டி கேட்டு வாய்யா" என்றாள் தேவானை.

அவள் கிண்டலாகச் சொன்னாளா என்று தெரியாததால் அவர் அதை மனதில் குறித்துக்கொண்டார்.

எல்லாம் செய்தும் ஃப்ரிட்ஜ் மட்டும் இரவு பகல் ஓடிக்கொண்டிருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று பேச அவர் போனது எதிர்வீட்டு கலீமுல்லாவிடம். பாண்டி பஜாரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே பை, சூட்கேஸ் ஜிப் ரிப்பேர் செய்கிறவர் கலீமுல்லா. பற்பசை தீர்ந்த பிறகு டியூபைக் கத்தரித்து இன்னும் ஒன்பது நாள் ஓட்டுவார். ஏழு நாள்தான் ஓட்டுகிற ரகுபதிக்கு அவர்மேல் மரியாதை உண்டு.

"பாய், உன் ஃப்ரிட்ஜுல இன்னா கீது?"

"மாவு, தயிரு, ரெண்டு எலுமிச்சங்கா."

"எங்க வூட்லயும் அதான். ரெண்டு பேரும் காத்த ஜில்லாக்கிக்கினு கீறோம்."

கலீமுல்லாவுக்கு உடனே புரிந்தது. ஒரு பில்லுக்கு ஒரு வீட்டு ஃப்ரிட்ஜ், அடுத்த பில்லுக்கு அடுத்த வீட்டு ஃப்ரிட்ஜ் என்று பேசி முடித்தார்கள். கலீமுல்லாவுடையது பதினான்கு வருஷப் பழசு என்பதால் முதலில் அதை அணைத்தார்கள். அவர் மனைவி வஜீஹா அதற்குள் துவரம் பருப்பையும் அரிசியையும் அடுக்கி, எலி நுழையாத அலமாரியாக்கினாள். ரகுபதி வீட்டு ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டு அவர்களுக்கு, மேல்தட்டு இவர்களுக்கு. பின்னால் சண்டை வரக்கூடாது என்று ரகுபதி மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு பாத்திரத்திலும் பாட்டிலிலும் சரக்கு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கோடு போட்டுவைத்தார். சனிக்கிழமை தோறும் புதுக் கோடு.

ஒரு செலவை மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை. வஜீஹா தயிர் எடுக்க வருவாள். தேவானை, "உக்காரு வஜீஹா, ஒரு டீ" என்பாள். வஜீஹா, "வேணாம்க்கா" என்று சொல்லிக்கொண்டே உட்காருவாள். இரண்டு வாரத்தில் தினமும் அரை லிட்டர் பால் கூடுதலானது. ரகுபதியும் கலீமுல்லாவும் மாடிப்படியில் நின்று ஆலோசித்து, 'ஃப்ரிட்ஜுக்கு வருபவர்கள் உட்காரக் கூடாது' என்று ஒரு விதி இயற்றினார்கள். அன்று மாலை இரண்டு பெண்களும் நின்றுகொண்டே முக்கால் மணி நேரம் டீ குடித்தார்கள்.

கீழ்த்தட்டில் ஓர் இன்சுலின் பாட்டிலும் இருந்தது. கலீமுல்லாவுக்குச் சர்க்கரை. தினமும் காலையில் கடைக்குக் கிளம்பும்போது வந்து ஃப்ரிட்ஜைத் திறப்பார். ஆம்பிளை ஊசி போட்டுக்கொள்கிறார் என்று தேவானை ஒதுங்கிக்கொள்வாள். இரண்டு நிமிடத்தில், "வரேன்மா" என்று போய்விடுவார்.

ஒரு புதன்கிழமை, தயிர்க் கோட்டைப் பார்க்கக் குனிந்த ரகுபதி, இன்சுலின் பாட்டிலில் சனிக்கிழமை போட்ட கோட்டையும் பார்த்தார். மருந்து சரியாகக் கோட்டிலேயே நின்றது. கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தயிர் மூன்று விரல்கடை இறங்கியிருந்தது. மருந்து இறங்கவே இல்லை.

தேவானையைக் கேட்டார். "தினம் வந்து போட்டுக்கினுதான போறாரு" என்றாள். எதிர்வீட்டில் நாசூக்காக வஜீஹாவைக் கேட்டார். "உங்க வூட்லயே போட்டுக்கிறேன்னாரே அண்ணே" என்றாள் அவள்.

ரகுபதி அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் பாண்டி பஜாருக்கு நடந்தார். மாடிப்படிக்குக் கீழே கலீமுல்லா ஒரு ஸ்கூல் பையை மடியில் வைத்திருந்தார்.

"பாய், பாட்டில்ல மருந்து கோட்டுலயே கீது."

கலீமுல்லா ஜிப்பை மேலே இழுத்தார். கீழே இழுத்தார். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கினு இருந்தேன் நைனா. இந்த வாரம் போடல."

"இன்னாத்துக்கு?"

"பொண்ணு ரூஹிக்கு காலேஜ் ஃபீஸ். ஜிப்பு போனா எவன் ரிப்பேருக்கு வரான்? புதுப் பையே வாங்கிக்கிறான். நீ மூணு யூனிட்டுக்கு எவ்ளோ யோசிச்ச? அதான் நானும் யோசிச்சேன்."

இந்த ஒன்றரை மாதத்தில் எத்தனை தடவை படிக்கட்டில் நின்று இந்த மனிதனிடம், 'எதக் கொறைக்கலாம்னு பாரு பாய்' என்று சொல்லியிருப்போம் என்று ரகுபதி நினைத்துப் பார்த்தார். எண்ணிக்கை வரவில்லை. திட்ட வாய் வந்தது, திட்டினால் இவர் கேட்கமாட்டார் என்றும் தெரிந்தது.

"கால்ல ஒரு புண்ணு வந்து ஆறலன்னு வெச்சுக்கோ. கட்டு, மருந்து, ஆட்டோ, கட பத்து நாளு மூடணும். எவ்ளோ ஆவும்? ஒரு வருஷ மருந்துக் காச விட ஜாஸ்தி பாய். இது மிச்சமே இல்ல, நஷ்டம்."

கலீமுல்லா முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தார்.

"இன்னொண்ணு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில இத சும்மா குடுக்கிறாங்க. நீ காசு குடுத்து வாங்கிக்கினு கீறியா?"

"சும்மாவா?"

"சும்மாதான். எத்தினி வருஷமா வாங்குற?"

"ஏழு."

அந்த ஏழு வருஷத்தை இரண்டு பேரும் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார்கள். மருந்து போடாமல் இருந்ததற்கு வெட்கப்படாத கலீமுல்லா இதற்கு வெட்கப்பட்டுப் பையைக் கீழே வைத்தார்.

மறுநாள் ரகுபதி அரை நாள் லீவு போட்டார். வேலைக்குச் சேர்ந்த பதினொரு வருஷத்தில் அதுதான் முதல் லீவு. ஆஸ்பத்திரியில் சீட்டுக்கு ஒரு வரிசை, ரத்தத்துக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை. சர்க்கரை நானூறைத் தொட்டிருந்தது. சின்ன வயது டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு இரண்டு பேரையும் சேர்த்தே திட்டினார்.

"இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா மயங்கி விழுந்திருப்பாரு. நீங்க இவருக்கு யாரு? கூடப் பொறந்தவரா?"

"இவரு மருந்து எங்க வூட்டு ஃப்ரிட்ஜுல கீது மேடம்" என்றார் ரகுபதி.

டாக்டரம்மா சீட்டில் மருந்தை எழுதினார். மருந்து கொடுக்கிற ஜன்னலில் இரண்டு பாட்டில் கொடுத்தார்கள். கலீமுல்லா பழக்கதோஷத்தில் பர்ஸை எடுத்தார். ரகுபதி அதைப் பிடுங்கி மறுபடி அவர் பையிலேயே வைத்தார்.

வஜீஹாவிடம் விஷயத்தைத் தேவானைதான் சொன்னாள். வஜீஹா அழவில்லை. மூன்று நாள் புருஷனோடு பேசாமல் சோறு மட்டும் போட்டாள். நான்காம் நாள் காலை அவரை முன்னால் நடக்கவிட்டு இந்த வீட்டுக்கு வந்தாள். "இனிமே எங்க நாலு கண்ணு முன்னாடி போடுங்க" என்றாள். அவர் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டார். தேவானை டீ வைத்தாள், சர்க்கரை இல்லாமல். எல்லாரும் உட்கார்ந்தார்கள். ரகுபதி விதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த பில்லில் ரகுபதி வீட்டுக்கு நானூற்று முப்பத்தொன்று யூனிட், கலீமுல்லா வீட்டுக்கு அதைவிடக் குறைவு. மிச்சப்பட்டதில் பெரும்பகுதி பாலுக்குப் போயிற்று. இனி எதிர்வீட்டு முறை. துவரம் பருப்பை எடுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டார்கள். ஃப்ரிட்ஜ் ஒரு தடவை உறுமிவிட்டு நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து தட்டிப் பார்த்து, இதைச் சரிசெய்கிற காசுக்கு பாதிப் புது ஃப்ரிட்ஜ் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கலீமுல்லாவுக்கு முகம் செத்துவிட்டது. "எங்க முறை வந்தப்ப ஏமாத்திட்டேனே நைனா."

வீட்டுக்குள் வந்ததும் தேவானை கேட்டாள். "அவங்க சாமானெல்லாம் இன்னா பண்றது? எடுத்துக்க சொல்லவா?"

ரகுபதி ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே பார்த்தார். கீழ்த்தட்டில் மாவுப் பாத்திரமும் இரண்டு பாட்டிலும் இடித்துக்கொண்டு நின்றன.

"அவங்களுக்கு எடம் பத்தல. நம்ம முட்டைய எடுத்து வெளிய வெய்யி" என்றார்.