மூன்று துண்டும் ஒரு வரிசையும்

தீவிலிருக்கும் பாலிடெக்னிக்கில் ஆறு அணிக்கும் சேர்த்து ஒரே சர்வர். நிரலை அனுப்பினால் தானாகவே செயலியைக் கட்டித் தரும். ஆனால் ஒரே நேரத்தில் நான்கு வேலைதான் எடுக்கும், ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம். மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஆறு மணிக்குள் செயலி போய்ச் சேராவிட்டால் அந்த அணிக்கு ஒரு வருடம் போச்சு.

பதினேழு வயதுச் சங்கவிக்கு அந்தப் பயம். சென்னைக் கப்பலில் ஏறியதும் அப்பா படுக்கைகளில் துண்டு போட்டு இடம் பிடிப்பாரே, அதைத்தான் அவளும் செய்தாள். ஒன்றும் கட்டாமல், நிறுத்தும்வரை சும்மா ஓடிக்கொண்டே இருக்கும் மூன்று வேலைகளை மதியமே அனுப்பி வைத்தாள். எல்லாருக்கும் ஒரே லாகின். யார் போட்டது என்று தெரியாது.

நாலரைக்கு அவள் நிரல் தயாரானது. அனுப்பினாள். அது வரிசையின் கடைசியில் போய் நின்றது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. துண்டை எடுத்தாலும் அந்த இடம் அவளுக்கு வராது. முன்னால் நிற்பவனுக்குத்தான் போகும்.

பாடம் எடுக்கும் சுகுணா மேடம் சௌல்தாரியில் இருக்கும் வீட்டுக்குப் பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார். ஐந்து மணிக்கே வெளியே இருட்டு.

"அரே, எவன்டா மூணு எடத்த அடச்சி வச்சிருக்கான்? யாரோட வேலைன்னு தெரியாம நிறுத்தவும் முடியல." தேவேந்திரன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். அவன் அணியையும் சேர்த்து மூன்று அணிகள் அவளுக்கு முன்னால் காத்திருந்தன. "கையில கெடச்சான், சாத்தம் ஜெட்டிலருந்து கடல்ல தள்ளி விட்டுருவேன். நீ ஏன்டி பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

இனியும் தாமதித்தால் யாருக்கும் கிடைக்காது. அவன் பார்க்கப் பார்க்க மூன்றையும் நிறுத்தினாள். காத்திருந்த மூன்றும் உடனே ஓடத் தொடங்கின.

"நீயா?"

"பயமா இருந்துச்சு, தேவா. எடம் புடிச்சு வச்சேன்."

"இதென்ன உங்கப்பன் கப்பலா? பாகல்! பைத்தியம்!"

ஐந்து இருபதுக்கு நான்காவது இடம் காலியாகி, அவள் வேலை உள்ளே போனது. தேவேந்திரன் பக்கத்துக் கணினியில் உட்கார்ந்து அதை நிறுத்தினான். அவள் மறுபடி அனுப்பினாள். அவன் மறுபடி நிறுத்தினான்.

"ப்ளீஸ் தேவா. எங்க டீம்ல அலமு என்ன பண்ணா? அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"நாங்க மட்டும் என்ன பண்ணோம்?"

ஐந்து நாற்பத்தொன்றாகி, ஆறு மணிக்குப் பத்தொன்பது நிமிடமே மிச்சம் என்றாகும்வரை அவன் மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு எழுந்து பையை மாட்டிக்கொண்டான்.

"இப்ப போட்டுக்க. நாலு எடமும் காலிதான்."