அன்னப்பிள்ளையின் கழுத்து

அந்தக் கடதாசிச் சிலையில் யதுஷா அதிகம் மினக்கெட்டது கழுத்தில்தான். கையும் சேலை மடிப்பும் யாருக்கும் வரும். அன்னப்பிள்ளையின் கழுத்து வேறு. நூறு வருடத்துக்கு முன் கொழும்பு கொட்டாஞ்சேனையில் கவி எழுதிய அந்த மனிசி, சபைக்குள் வெள்ளைக்காரன் பட்டம் கொடுத்த முதலியார் நுழைந்து எல்லோரும் எழும்பியபோது, தான் மட்டும் நாடியை நிமிர்த்திக்கொண்டு கதிரையிலேயே இருந்தாளாம். அந்த நாடி நிமிர்ந்து நிற்கவேண்டும். மற்றதெல்லாம் கோணினாலும் பரவாயில்லை.

அந்தச் சிலையை வைத்துக் கண்காட்சி நடத்தும் வெள்ளவத்தைச் சங்கத்தின் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா அவளுடைய ஒரு வரியைக்கூட வாசித்தவரல்லர். அழைப்பிதழில் அவருடைய படம் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. அன்னப்பிள்ளையின் பெயர், மண்டப விலாசத்துக்கு மேலே, எறும்பு ஊர்ந்ததுபோல.

திறப்புவிழாவன்று பூக்கடையிலிருந்து மாலை வந்தது. வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். தூக்கியபோதே சொட்டியது.

“அங்கிள், இது கடதாசி. ஈர மாலை போட்டால் கழுத்து தாங்காது.”

“மாலை போடாமல் என்னெண்டு பிள்ளை திறக்கிறது?”

“காலடியில வையுங்கோ.”

“காலடியிலயோ?” தலைவர் கமராக்காரரைப் பார்த்துச் சிரித்தார். “இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு மரியாதையையும் நாங்கள்தான் படிப்பிக்கவேணும்.”

வருடம் முழுக்க ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொள்கிறவர்களின் மரியாதை.

“விடு மச்சி,” என்றாள் தோழி ரொஷேல். “படம் எடுத்த உடன கழட்டுவம்.”

ஆனால் மாலை போட்ட கையோடு தலைவர் பேசத் தொடங்கிவிட்டார். பண்பாடு என்றார், அடக்கம் என்றார், பெண்மையின் நாணம் என்றார். அவர் பேசப் பேச ஈரம் ஊறியது. நாடி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ‘அடக்கம்’ மறுபடி வந்தபோது அன்னப்பிள்ளை தலைவரின் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாருங்கோ,” என்றார் அவர், மெய்யாகவே நெகிழ்ந்து, “சிலையே எங்கட சபையை வணங்குது.”

சபை கைதட்டியது. கமராக்காரர் முழங்காலில் நின்று இருவரையும் சேர்த்து எடுத்தார்.

யதுஷா மேடையேறினாள். மாலையைக் கழற்றத்தான் போகிறாள் என்று ரொஷேல் நினைத்தாள். யதுஷாவோ கடதாசி வெட்டும் கத்தியை எடுத்துத் தோளோடு கழுத்தை அறுத்து, தலையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“என்ன பிள்ளை இது? இன்னும் குரூப் போட்டோ எடுக்கேல்லை.”

“எடுங்கோ அங்கிள். மாலை இருக்குத்தானே.”

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு நிர்வாகசபையை இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டு, சிலைக்குப் பின்னால் போய், படத்துக்குள் அடங்கக் குனிந்தார். அன்னப்பிள்ளையின் தோளுக்கும் மாலைக்கும் மேலே அவருடைய தலை அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. அதையும் கைதட்டினார்கள்.

வெளியே, காலிக்குப் போகும் பெருவீதியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பஸ் வரும்வரை யதுஷா அந்தத் தலையை வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றாள், கழுத்து காயட்டும் என்று, ஒரு விரலால் நாடியை உயர்த்தியபடி.