அண்ணன் நிலத்து டவர்

காற்று நன்றாக வீசும் நாட்களில்தான் அவளுக்கு எரிச்சல் அதிகம். மாநில மின்கட்டுப்பாட்டு அறையில் அவள் பொறியாளர். மலைச்சரிவில் காற்றாலைகள் முழு வேகத்தில் சுழலும். அத்தனை மின்சாரத்தையும் நகரத்துக்குக் கொண்டுவரப் பழைய லைன் தாங்காது. புது லைனோ பாதியில் நின்றுவிட்டது. ஆகவே அவளே போன் செய்து காற்றாலைகளில் பாதியை நிறுத்தச் சொல்வாள். குறைகிற மின்சாரத்துக்கு நிலக்கரி எரியும். 'முழுக்க முழுக்கச் சுத்தமான மின்சாரம்' என்று சுவரில் பெரிய பதாகை வேறு.

காற்றாலை மேலாளர் ஒருமுறை கேட்டேவிட்டார். "காத்து இல்லாதப்ப ஏன் ஓடலைங்கிறீங்க. அடிக்கிறப்ப நிறுத்துங்கிறீங்க. நாங்க என்னதான் மேடம் பண்றது?"

லைன் நின்றது ஒரே ஒரு டவரால். அது வரவேண்டிய இடம் அவளுடைய சொந்த அண்ணனின் நிலம்; அவர் வைக்க விடவில்லை. அலுவலகத்தில் யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் கூட்டத்தில் அந்த டவரின் பேச்சு வந்தால் எல்லோர் கண்ணும் அவள் பக்கம் திரும்பும். அவள் கையிலிருக்கும் காகிதத்தைப் பார்த்துக் குனிந்துகொள்வாள்.

ஒரு விடுமுறை நாளில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். டவர் பேச்சு என்றால் தனக்கு அடுப்படியில் வேலை இருக்கிறது என்று அண்ணி நழுவிவிட்டாள். அண்ணன் அவளை நிலத்துக்கு அழைத்துப்போய், டவருக்கு இடம் குறித்து மின்வாரியத்தார் அடித்து வைத்திருந்த முளைக்குச்சியைக் காட்டினார். கிணற்றை ஒட்டி நின்றது அது. அங்கே டவர் எழுந்தால் கிணற்றுப் பக்கம் ஒரு வண்டிகூடப் போக முடியாது.

"டவரே வேண்டாம்னு நான் சொல்லலை. வேலியோரமா தள்ளி வைங்கன்னுதான் கேட்டேன். இன்னி வரைக்கும் ஒருத்தரும் பதில் சொல்லலை. இப்ப நீ வந்திருக்க. அதுவும் அவங்களுக்காக."

அந்தக் கடைசி வார்த்தை நகரம் திரும்பும் வரை அவளைக் குத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் லைன் வரைபடப் பிரிவுக்குப் போனாள். அங்கிருந்த ஒல்லியான பொறியாளரை எல்லோரும் 'ஸ்கேல்' என்பார்கள். வேலியோரம் தாராளமாக வைக்கலாம், போன வருடமே எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றார் அவர். பாதையை மாற்றினால் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும்; அறிவித்த திறப்பு விழாத் தேதி தள்ளிப்போகும் என்று தலைமைப் பொறியாளர்தான் அதைக் கிடப்பில் போட்டாராம். "தேதியைக் காப்பாத்தப் பாத்தாங்க. அந்தத் தேதி போயே பல மாசம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு ஸ்கேல் வேறுபக்கம் பார்த்தார்.

அவள் தலைமைப் பொறியாளரிடமே கேட்டாள். உங்கள் அண்ணன் விஷயத்தில் நீங்கள் பேசினால் நன்றாக இருக்காது என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அந்தப் பொறுமைதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அடுத்து பலமாகக் காற்றடித்த நாளில் அவரைக் கட்டுப்பாட்டு அறைக்கு வரவழைத்தாள். காற்றாலை மேலாளரைப் போனில் பிடித்து, போனைத் தலைமைப் பொறியாளர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே நிறுத்தச் சொல்லுங்க சார். ஏன்னு கேட்டா அதையும் சொல்லிடுங்க."

மேலாளர் ஏன் என்று கேட்டார். நெடுநேரம் கேட்டார். தலைமைப் பொறியாளர் முகம் சுண்டிப்போக, "பாக்கறேன், பாக்கறேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாரமே பாதை மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அவளிடம் அதற்குப் பிறகு முகம்கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் ஒப்புதல் மேசை மேசையாக ஊர்ந்தது. வேலியோரத்தில் டவர் எழுந்து கம்பி இழுத்து முடிப்பதற்குள் காற்றுப் பருவம் ஓய்ந்துவிட்டது. திறப்பு விழா அன்று ஓர் இலைகூட அசையவில்லை. மேடையில் கைதட்டினார்கள். கட்டுப்பாட்டு அறைத் திரையில் புது லைனில் ஓடியது பெயருக்குக் கொஞ்சம். நகரத்துக்கு அன்றும் நிலக்கரிதான்.

சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டார். "டவர்தான் வந்தாச்சே. இப்பவும் கரிதான் எரியுதாமே?"

"காத்து இல்லைண்ணே."

"அடிக்கிறப்ப விட்டுட்டீங்க" என்றார் அண்ணன்.

அந்த 'விட்டுட்டீங்க'வில் தானும் இருப்பது அவளுக்குப் புரிந்தது.