வயரைக் கழற்றினால்

அத்தான் செத்த பத்தொன்பதாம் நாள், அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டிய பெட்டி அவள் மேசைக்கு வந்தது. காஸ் ஹீட்டரிலிருந்து விஷவாயு கசிந்தால் அலறுவதுதான் அதன் ஒரே வேலை. பின்னறையில் பகல் தூக்கத்திலேயே அத்தான் போய்விட்டார். முன்னறையில் தைத்துக்கொண்டிருந்த அக்கா, மெஷின் சத்தத்தில் பெட்டியின் அலறல் தனக்குக் கேட்காமல் போய்விட்டதென்று தன்னையே கரித்துக்கொட்டுகிறாள். இப்போது மட்டும் உட்கார்ந்தால் எழுந்தால் அது காதில் அலறுகிறதாம்.

பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்குப் புரோகிராம் எழுதியவள் தங்கையான இவள்தான். மூடியைத் திறந்து, போர்டின் ஆறு முட்களில் கம்ப்யூட்டர் வயரை மாட்டினாள். ஒரு கையைக் கீபோர்டில் வைத்துக்கொண்டு, சோதனை வாயுவை ஒரு பீச்சு பீச்சினாள். அலறியது. மூன்று முறை செய்தாள், மூன்று முறையும் அலறியது. அப்படியானால் பெட்டியில் பழுதில்லை, அக்காவுக்குத்தான் கேட்கவில்லை. நிம்மதி வந்த கையோடு வெட்கமும் வந்தது.

வயரைக் கழற்றினாள். மனசு கேட்காமல் இன்னொரு பீச்சு. பச்சை விளக்கு சமர்த்தாக எரிந்தது. சத்தமே இல்லை. மாட்டினால் பேசுகிறது, கழற்றினால் ஊமை. அறையில் யாரோ நிற்பதுபோல் முதுகு சில்லிட்டது. திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

மறுபடி மாட்டிப் பீச்சிவிட்டு, இந்த முறை தன் கையைக் கவனித்தாள். திரையில் ‘நின்றிருக்கிறது’ என்று வந்த கணமே, பழக்கதோஷத்தில் விரல் ‘தொடர்’ பொத்தானை அழுத்தியது. அவளே வைத்த நிறுத்தம் அது. வாயு தெரிந்ததும் நில், நான் அளவைப் பார்த்துச் சொன்ன பிறகு அலறு. விற்பனைக்குப் போன பெட்டிகளில் அது கிடையாது. இதுவோ மேசையில் கிடந்த சோதனைப் பெட்டி. நம்ம வீட்டுக்குத்தானே என்று அக்கா குடிபோன அன்று பெருமையாகத் தூக்கிக்கொண்டு போனவளும் அவள்தான்.

அன்று அது வாயுவைக் கண்டிருக்கிறது. கண்டதும் நின்று, அவள் விரலுக்காகக் காத்திருந்திருக்கிறது. அத்தானின் மூச்சு நிற்கும்வரை, அதற்குப் பிறகும்.

ஒரு வரியை அழித்தால் போதும், ஈ காக்கைக்குத் தெரியாது. கை அந்த வரிவரை போனது. அழிக்காமல் எழுந்து அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா வழக்கமாகக் கேட்பதையே கேட்டாள்.

“எவ்வளவு நேரம்டி கத்தியிருக்கும்?”

“அது கத்தவே இல்லக்கா. கத்த விடாம நான்தான் நிறுத்தி வெச்சிருந்தேன்.”

எப்படி என்பதையும் சொல்லி முடித்தாள். அக்காவின் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அதைப் பார்த்ததும் இவளுக்கு அழுகை வெடித்தது. பிறகு அக்கா எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து, இவள் வெளியே போவதற்காக நின்றாள்.