வழிவிட்டவருக்கு நன்றி

பௌர்ணமியன்று நான் மைக்கில் சொல்லக்கூடாத சொல் ஒன்று உண்டு. நெரிசல். ஏட்டு ராமதாஸ் என்னை வேலைக்கு வைத்த அன்றே சொல்லிவிட்டார். "அந்த வார்த்த காதுல வுழுந்தா ஜனம் ஓடும்மா. ஓடினாதான் நெரிசலே ஆவும்." அதனால் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை அறிவிப்பு மேடையில் உட்கார்ந்துகொண்டு, 'முன்னால் சற்றுத் தாமதம், மெதுவாக நகரவும்' என்பேன். மூச்சு விட இடமில்லாமல் நின்றாலும் மைக்கில் அது தாமதம்தான்.

நகராமல் நிற்கிற விஷயங்களுக்கு நம்மிடம் சொல் பஞ்சமே கிடையாது. எங்கள் வீட்டுச் சந்து ஒன்று போதும். என் கணவரின் டீக்கடை கிரிவலப் பாதையைப் பார்த்திருக்கிறது. அவர் தம்பி மூர்த்தியின் கூல்டிரிங்ஸ் கடை பின்தெருவைப் பார்த்திருக்கிறது. இரண்டுக்கும் இடையில் வளைந்து போகிறது சந்து. அது யாருக்கு என்று சொல்லாமலே மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்று வருஷமாக முன்வாயில் எங்கள் இரும்பு பெஞ்சு, பின்வாயில் மூர்த்தியின் பழைய ஐஸ் பெட்டி. முதலில் எடுப்பவன் உரிமையை விட்டவனாகிவிடுவான் என்று இரண்டு பேருக்கும் யாரோ புண்ணியவான் ஓதி வைத்திருக்கிறார்.

மனு கொடுத்த இடத்தில் 'பரிசீலனையில் உள்ளது' என்றார்கள். அந்தச் சொல் எங்கே போனாலும் உட்கார இடம் பிடித்துக்கொள்ளும். ஊரார் 'இழுபறி' என்றார்கள். வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவர்களின் சொல் அது, அதில் யார் மேலும் குற்றமில்லை. உள்ளே இருப்பவர்களின் சொல் முட்டுக்கட்டை. "அவந்தான் முட்டுக்கட்ட போட்றான்" என்பார் என் கணவர். அந்தப் பக்கம் மூர்த்தியும் அதையேதான் சொல்வானாம். 'நான் முட்டுக்கட்டை போடுகிறேன்' என்று சொன்ன ஒரு மனுஷரை இதுவரை நான் பார்த்ததில்லை. தான் குறுக்கே நின்றால் அதற்குப் பெயர் நியாயம். என்னைக் கேட்டால் வீம்பு என்பேன். கேட்கத்தான் ஆளில்லை.

சந்து யாருக்குப் போனாலும் எனக்குக் கவலையில்லை. நான் வாக்கப்பட்டு வந்த வீட்டில் முதலில் என்னிடம் சிரித்துப் பேசியவன் மூர்த்தி. அவன் என்னை "அண்ணி" என்று கூப்பிட்டு மூன்று வருஷமாகிறது. எதிரே வந்தால் மலையைப் பார்த்துக்கொண்டு போகிறான். அது எனக்கு வலித்தது.

போன பௌர்ணமியன்று சாயங்காலம், எங்கள் கடைக்குக் கொஞ்சம் தள்ளித் தண்ணீர் லாரி ஒன்று அச்சு முறிந்து பாதையின் குறுக்கே நின்றுவிட்டது. முன்னால் போனவர்கள் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கிரிவலத்தில் யாரும் திரும்பி நடக்கமாட்டார்கள், திரும்பவும் இடமில்லை. மேடையிலிருந்து பார்த்தேன். எங்கள் கடைக்கு எதிரே ஒரு பெண் தன் குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். அந்த இடத்திலிருந்து கூட்டம் வடிய ஒரே வழி எங்கள் சந்துதான்.

ராமதாஸ் இரண்டு பேருக்கும் போன் போட்டார். அவன் எடுக்கட்டும், நான் எடுக்கிறேன் என்று இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். நான் கணவருக்குப் போட்டேன்.

"ஏங்க, பெஞ்ச எடுங்க. ஜனம் மூச்சு முட்டுது."

"கண்ணு முன்னாலதான பாக்கறேன்? நான் எடுத்தா அத்தினி பேரும் உள்ள பூந்துடுவாங்க. அந்தாண்ட பெட்டி இருக்குது. சந்துல மாட்டிக்கினு நசுங்கட்டுமா? அவன மொதல்ல எடுக்கச் சொல்லு."

வீம்புதான், ஆனால் அதற்குள் ஒரு நியாயமும் இருந்தது. இப்படிப்பட்ட வீம்பைத்தான் அசைக்க முடியாது. மூர்த்தி என் போனை எடுக்கவே இல்லை.

மேடையில் பாதைப் பக்கத்து ஸ்பீக்கருக்கு ஒரு சுவிட்ச், பின்தெரு ஸ்பீக்கருக்கு ஒரு சுவிட்ச். பாதைப் பக்கத்தை அணைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. யாரும் தடுக்கவில்லை, மாமியார் வீட்டு வழக்கம், எனக்கும் பழகிவிட்டது. பேங்கில் கேட்டால்கூட ஆதார் அட்டையை நீட்டுவேன். அன்று மைக்கைக் கிட்டே இழுத்துச் சொன்னேன்.

"சந்தின் முன்புறம் இருந்த பெஞ்சை அகற்றி, பக்தர்களுக்கு முதலில் வழிவிட்ட டீக்கடை மணிவேல் அவர்களுக்கு நன்றி."

ராமதாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் பெஞ்சு இருந்த இடத்திலேயே இருப்பது அவர் கண்ணுக்கும் தெரிந்தது.

மேடையிலிருந்து பின்தெருவும் தெரியும். மூர்த்தி கடைக்கு வெளியே வந்து ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தான். அப்படியே நின்றான். பிறகு ஐஸ் பெட்டியில் தோளைக் கொடுத்துத் தள்ளினான். மூன்று வருஷமாக மண்ணில் புதைந்த பெட்டி. இரண்டு மூன்று பேர் கைகொடுக்க, அது தெருவோரம் போய்ச் சேர்ந்தது.

பாதைப் பக்கத்து சுவிட்சைப் போட்டேன். "பின்புறம் ஐஸ் பெட்டியை அகற்றி வழிவிட்ட மூர்த்தி அவர்களுக்கு நன்றி." இது பொய்யில்லை. என் கணவர் சந்துக்குள் ஓடி வளைவுவரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெஞ்சை ஒற்றை ஆளாகத் தூக்கினார். கூட்டம் சந்துக்குள் இறங்கியது. அந்தப் பெண்ணும் குழந்தையை இடுப்பில் இறக்கிக்கொண்டு போனாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் 'மெதுவாக நகரவும்' என்று சொல்ல மறந்துவிட்டேன். ராமதாஸ்தான் மைக்கை வாங்கிச் சொன்னார்.

மறுநாள் காலை, கணவர் பெஞ்சை எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். சந்துக்குள்ளிருந்து மூர்த்தி வந்தான். நேரே என்னைப் பார்த்தான்.

"இன்னா அண்ணி இப்டிப் பண்ணிட்டீங்க?"

நான் பால் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டேன்.

"நான் பெட்டிய தள்ளும்போது பெஞ்சு இங்கதான் இருந்துச்சாமே. ஏட்டு இப்பதான் சொல்லிட்டுச் சிரிக்கறாரு. நீங்க அண்ணன் பேரச் சொல்லி நான் கேட்டதே இல்ல. பேரச் சொன்னதும் நெசம்னு நம்பிட்டேன்."

என் கணவர் பெஞ்சைக் கீழே வைத்தார். "அப்ப நீயா மொதல்ல எடுத்த?"

மூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான். அவன் முகத்தில் தோற்ற களை. இனி இவர் சிரிப்பார், அவன் போய்ப் பெட்டியைத் திரும்ப இழுத்துப் போடுவான் என்று நினைத்தேன்.

கணவர் அவனைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவ்வளவு கோபமாக அவரை நான் பார்த்ததில்லை.

"அறிவு இருக்குதா உனுக்கு? இத்தினி ஜனத்துக்கு நடுவுல எந்தம்பிய ஏமாத்துவியா நீ?"